தெருவுக்குத் தெரிய வேண்டாம், வீட்டுக்குத் தெரியட்டும்: டெக்சாஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

டாலஸ் புறநகர்களில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் வீட்டு விலை, பள்ளிக்கூடம், கிரீன் கார்டு வரிசை என்றுதான் பேச்சு ஓடும். இப்போது எந்த பிஸ்டல் கைக்கு அடக்கமானது, எந்தத் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்பதும் அதில் சேர்ந்துவிட்டது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2017 பிப்ரவரியில் கேன்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லாவை ஒரு இனவெறியன் சுட்டுக் கொன்றான். 2023 மே 6 அன்று நமக்குப் பக்கத்திலேயே, ஆலன் நகர அவுட்லெட் கடைவீதியில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒரு இளம் இந்தியப் பெண் பொறியாளரும் உண்டு. இந்திய வீடு என்றால் தங்கம் இருக்கும் என்று கணக்குப் போட்டு, பல மாநிலங்களில் ஆயுதங்களோடு வீடு புகுந்த கும்பல் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய ஹூஸ்டன் பெண்ணுக்கு 2019இல் 37 ஆண்டுச் சிறை கிடைத்தது. இதையெல்லாம் படித்த பிறகு ராத்திரி வாசலில் சத்தம் கேட்டால் நெஞ்சு பதறத்தான் செய்யும்.

நானும் துப்பாக்கி வைத்திருப்பவள்தான். லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன், ரேஞ்சுக்குப் போகிறேன். ஆகவே இதைத் துப்பாக்கியே கூடாது என்று சொல்லும் ஒருவரின் மடலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்மவர்களிடையே இப்போது அடிக்கடி வரும் ஒரு வாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்: சொந்த வீட்டில், டிரைவ்வேயில், பின்தோட்டத்தில் இருக்கும்போது துப்பாக்கியை இடுப்பில் எல்லோருக்கும் தெரிய மாட்டிக்கொள்வதா, சட்டைக்குள் மறைத்துக்கொள்வதா?

“பார்த்தாலே பயந்து ஓடட்டும்” என்பது ஒரு கட்சி. “எதற்கு ஊருக்கெல்லாம் காட்டவேண்டும்” என்பது மறுகட்சி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியவே கூடாது. ஆனால் உங்கள் கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கும், உங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் அது இருப்பது தெரிந்தே ஆகவேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. டிரைவ்வேயில் காட்டுகிறோம், அம்மாவிடம் மறைக்கிறோம்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். சொந்த வீட்டிலும் அதைச் சேர்ந்த இடத்திலும் கைத்துப்பாக்கி வைத்திருக்க டெக்சாஸில் லைசென்ஸ் தேவையில்லை. வெளியே போகும்போது லைசென்ஸ் உள்ளவர்கள் மறைத்துத்தான் வைத்திருக்கவேண்டும் என்றிருந்த விதி 2016 ஜனவரி 1 முதல் தளர்ந்தது. வெளியே தெரிய எடுத்துப்போக அனுமதி வந்தது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்களுக்கு லைசென்ஸே வேண்டியதில்லை என்றாகிவிட்டது. வெளியே தெரிகிற கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்கவேண்டும், அவ்வளவுதான். எனவே “சட்டப்படி எனக்கு உரிமை உண்டு” என்று நீங்கள் சொன்னால், ஆம், உண்டு. அதில் எனக்கு வழக்கு இல்லை.

ஆனால் உங்கள் டிரைவ்வே முடிந்து சைட்வாக் தொடங்கும் இடத்தை ஒருமுறை நின்று பாருங்கள். நம்மவர்கள் வீடு வாங்கும்போது முதலில் பார்ப்பதே எலிமெண்டரி ஸ்கூல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறதா என்றுதான். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி எடுத்துப்போவதை மத்திய அரசின் சட்டம் தடுக்கிறது. தனியார் இடத்துக்கு விலக்கு உண்டு. அந்த மாநிலத்தின் லைசென்ஸ் பெற்றவர்களுக்கும் விலக்கு உண்டு. அதாவது, லைசென்ஸ் வாங்காமல் 2021 சட்டத்தை மட்டும் நம்பி இடுப்பில் மாட்டியிருப்பவர் தன் டிரைவ்வேயில் நிற்கும்வரை சரி. குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு சைட்வாக்கில் கால் வைத்தால், பள்ளி பக்கத்தில் இருந்தால், அவர் மத்தியச் சட்டத்தின் கீழ் குற்றம் செய்கிறார். இது தெரியாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். லைசென்ஸ் எடுங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தத் தேர்வு. 3, 7, 15 கெஜ தூரங்களில் 50 தோட்டா சுடவேண்டும்; 250 புள்ளிக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. வகுப்பில் துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பது பற்றியும், வாக்குவாதத்தை அடிதடியில்லாமல் முடிப்பது பற்றியும் பாடம் உண்டு. பிந்தைய பாடம்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

விசா விஷயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4, பெற்றோர் வரும் விசிட்டர் விசா எல்லாமே மத்தியச் சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான்: இந்த விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை கிடைத்தால் கிரீன் கார்டு இருப்பவரையும் நாடு கடத்தலாம். கணவர் குடிமகன், மனைவி இன்னும் ஹெச்-1பி என்றிருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த வீட்டில் பூட்டாத டிராயரில் கிடக்கும் துப்பாக்கி யார் கைவசம் இருக்கிறது என்ற கேள்வியை ஒரு அரசு வழக்கறிஞர் கேட்கும் நிலை வரவேண்டாம். பெட்டகத்தின் சாவியும் எண்ணும், துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை உள்ளவரிடம் மட்டும் இருக்கட்டும்.

சரி, இடுப்பில் தெரிய மாட்டுவதற்கு வருகிறேன்.

போன கோடையில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தோம். பின்தோட்டத்தில் கிரில்லில் கோழி வெந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரத் தம்பி ஒரு கையில் இடுக்கியோடு நின்று எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தார். இடுப்பின் வலப்பக்கம் கறுப்பு உறை, அதில் பிஸ்டல். டி-ஷர்ட்டை அதற்குப் பின்னால் செருகி, நன்றாகத் தெரியும்படி வைத்திருந்தார். சுற்றிலும் ஆறேழு வயதுக் குழந்தைகள் தண்ணீர் பலூன் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நின்று கவனித்தபோதுதான் உறைத்தது: அந்தத் துப்பாக்கியின் பிடி, ஓடி வரும் ஒவ்வொரு குழந்தையின் முகத்துக்கும் நேராக இருந்தது. ஒரு சிறுவன் தட்டை நீட்டிக்கொண்டு வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தம்பிக்கு இரண்டு கையிலும் வேலை. அந்த உறையில் பூட்டும் கிடையாது, பட்டையும் கிடையாது. அவர் நல்ல மனிதர், பொறுப்பானவர். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதும் உள்ளே போய்ப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்தார். அதுவரை அவர் மனதில் இருந்தது வேலிக்கு வெளியிலிருந்து வரக்கூடிய ஆள் மட்டும்தான்.

வெளியிலிருந்து வருபவனைப் பற்றியே பேசுவோம். நம் வீடுகளைக் குறிவைக்கும் திருடன் பெரும்பாலும் ஆள் இல்லாத நேரமாகப் பார்க்கிறான். கோவிலுக்கும் திருமணத்துக்கும் பட்டுப்புடவையில் கிளம்புவதைக் கவனித்துவிட்டு வருகிறான். உங்கள் இடுப்பில் துப்பாக்கியைப் பார்த்தவன் அந்த வீட்டையே விட்டுவிடுவான் என்று நம்புகிறீர்கள். அவனுக்குக் கிடைத்த செய்தி வேறாகவும் இருக்கலாம்: இந்த வீட்டில் தங்கத்தோடு துப்பாக்கியும் இருக்கிறது. 2017 முதல் 2021 வரையிலான ஐந்தாண்டில் அமெரிக்காவில் தனிநபர்களிடமிருந்து திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் மேல் என்று துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஏ.டி.எஃப். துறையே சொல்கிறது. கள்ளச் சந்தையில் உடனே காசாகிற பொருள் அது. வெள்ளிக்கிழமை டிரைவ்வேயில் அதைக் காட்டிவிட்டு, சனிக்கிழமை குடும்பத்தோடு ஹூஸ்டன் மீனாட்சி கோவிலுக்குக் கிளம்பினால் வீட்டுக்கு நீங்கள் சேர்த்திருக்கும் பாதுகாப்பு என்ன?

அடுத்து, உங்களைப் பார்ப்பவர்கள் எல்லோரும் திருடர்கள் அல்லர். பொட்டலம் கொண்டுவரும் பையன், புல் வெட்ட வருபவர், மகளின் தோழியைக் கொண்டுவந்து விடும் அம்மா, எதிர்வீட்டு முதியவர். அவர்களில் யாராவது ஒருவர் பயந்து 911க்குக் கூப்பிட்டால், வரும் போலீஸுக்குக் கிடைத்திருக்கும் தகவல் “துப்பாக்கியோடு ஒரு ஆள்” என்பது மட்டும்தான். அந்த ஆள் வீட்டுக்குச் சொந்தக்காரரா, சாஃப்ட்வேர் பொறியாளரா என்பது வண்டியிலிருந்து இறங்குபவருக்குத் தெரியாது. நம் தோல் நிறத்தை அவர் எப்படிப் படிப்பார் என்பதும் நம் கையில் இல்லை.

ஃபோர்ட் வொர்த் நமக்கு முக்கால் மணி நேரத் தூரம். 2019 அக்டோபர் 12 பின்னிரவில் அங்கே அடாடியானா ஜெஃபர்சன் என்ற 28 வயதுக் கறுப்பினப் பெண் சகோதரியின் எட்டு வயது மகனோடு வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தார். முன்கதவு திறந்திருப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், நல்லெண்ணத்தில், அவசரமில்லாத எண்ணுக்குத்தான் போன் செய்தார். போலீஸ்காரர் பின்தோட்டத்தில் நடந்து வந்த சத்தம் கேட்டு அந்தப் பெண் கைப்பையிலிருந்து தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார். வெளியே நின்றவர் தான் போலீஸ் என்றுகூடச் சொல்லவில்லை. கையைக் காட்டு என்று கத்திய வேகத்திலேயே சுட்டுவிட்டார். சுட்டவருக்கு 2022 டிசம்பரில் ஏறத்தாழ 12 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தப் பெண் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. தன் வீட்டில், தன் துப்பாக்கியோடு, தன் உரிமைக்குள் இருந்தார். குற்றம் முழுக்கச் சுட்டவருடையது. ஆனாலும் சொந்த வீடு, சொந்த உரிமை என்ற இரண்டும் ஜன்னலுக்கு வெளியே நிற்பவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை, துப்பாக்கிதான் தெரியும். போலீஸ் வந்திருப்பதாகத் தெரிந்தால் கையில் எதுவும் இல்லாமல் போங்கள். நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

“ஆகஸ்ட் வெயிலில் சட்டைக்கு மேல் சட்டை போட்டு எப்படி மறைப்பது” என்று கேட்கும் அண்ணன்மார் உண்டு. உண்மைதான், 105 டிகிரியில் கஷ்டம்தான். ஒரு அளவு பெரிய சட்டையும், விசையை முழுக்க மூடும் கெட்டியான உட்புற உறையும் போதும். பெண்களுக்கு இது இன்னும் எளிது. முழங்கால் வரை வரும் குர்த்திக்குள், வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையில் நான் வைத்திருப்பது இதுவரை யாருக்கும் தெரிந்ததில்லை. அதுவும் வேண்டாம் என்றால் பெட்டகத்திலேயே இருக்கட்டும். தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட எல்லோருக்கும் துப்பாக்கி தேவைப்படாது.

இனி வீட்டுக்குள் வருகிறேன். எனக்கு அதிகக் கவலை இங்கேதான்.

நம் தெருவிலேயே மூன்று தலைமுறையாக டெக்சாஸில் வாழும் குடும்பத்தின் கராஜில் பீரோ அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டகம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தாத்தா பேரனுக்கு வேட்டை கற்றுக்கொடுத்த வீடு அது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அங்கே சோறு ஊட்டும்போதே ஊட்டப்பட்டிருக்கும். நாம் அப்படி வளரவில்லை. நாம் துப்பாக்கியைப் பார்த்தது வங்கி வாசலில் நிற்கும் காவலாளியின் தோளில். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக்கூடக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். அதனால் பொருளை வாங்கிவிட்டோம், அதைச் சுற்றி இருக்கவேண்டிய வீட்டுப் பழக்கம் நம்மிடம் இல்லை. நமக்குத் தெரிந்த ஒரே பழக்கம் நகையை வைப்பதுபோல வைப்பது: புடவை மடிப்புக்கு அடியில், டிராயரின் கடைசியில், அலமாரியின் மேல்தட்டில், யாருக்கும் சொல்லாமல்.

ஊரிலிருந்து அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார். வந்த முதல் வாரமே, நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில், அலமாரியை எல்லாம் இறக்கி அடுக்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. துணிக்கு அடியில் கனமாக ஏதோ தட்டுப்படும். அது என்னவென்றே தெரியாமல் கையில் எடுப்பார். பக்கத்தில் பேத்தி நிற்பாள்.

நவராத்திரியில் மாலைக்கு நாலு வீடு, ஐந்து வீடு என்று கொலு பார்க்கப் போகிறோம். பெண்கள் கீழே பாடிக்கொண்டும் சுண்டல் வாங்கிக்கொண்டும் இருப்பார்கள். பிள்ளைகள் எல்லாம் மாடிக்கு ஓடிவிடும். கைப்பைகளைப் பெரிய படுக்கையறைக் கட்டிலில் போட்டிருப்போம். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை ஒளிய இடம் தேடி நுழைவது அந்த அறையின் அலமாரிக்குள்தான். பெரியவர்கள் மிக நல்ல மறைவிடம் என்று நினைக்கும் இடமும் அதுதான். வீட்டுக்காரரின் சொந்தப் பிள்ளைக்கு ஆயிரம் முறை சொல்லிக்கொடுத்திருக்கலாம். விருந்துக்கு வந்த பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

17 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கிடைக்கும்படி, சுடத் தயாரான துப்பாக்கியை அசட்டையாக விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். பிள்ளை அதைச் சுட்டு உயிரோ உறுப்போ போனால் ஓராண்டுவரை சிறை. தண்டனை கிடக்கட்டும். 2020 முதல் இந்த நாட்டில் பிள்ளைகளும் பதின்ம வயதினரும் சாவதற்கான முதல் காரணம் துப்பாக்கிதான். கார் விபத்தையும் அது தாண்டிவிட்டது. கார் சீட்டுக்கு நாம் எவ்வளவு மெனக்கெடுகிறோம்! பட்டை சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறோம்.

இன்னொன்றையும் மனம் கனத்தே எழுதுகிறேன். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கு மேல். வெளியிலிருந்து வருபவனுக்காக வாங்கிய துப்பாக்கி வீட்டுக்குள் இருப்பவரையே கொண்டுபோவதுதான் அதிகம். எஸ்.ஏ.டி. மதிப்பெண், கல்லூரி இடம், வேலை போன அப்பா, பேச ஆளில்லாமல் நாலு சுவருக்குள் இருக்கும் பாட்டி என்று நம் வீடுகளிலும் மன அழுத்தம் உண்டு. அதை வெளியே சொல்லும் வழக்கம்தான் இல்லை. அந்த மோசமான அரைமணி நேரத்தைக் கடந்துவிட்டால் பலர் பிழைத்துவிடுகிறார்கள். பூட்டு கொடுப்பது அந்த அரைமணி நேரத்தை. வீட்டில் யாராவது மனம் உடைந்திருப்பதாகப் பட்டால், கொஞ்ச காலத்துக்குத் துப்பாக்கியை வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். துப்பாக்கி உங்கள் உடம்பில், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் பூட்டிய பெட்டகத்தில் இருக்கட்டும். டிராயர், தலையணை, கார் டாஷ்போர்டு, சாப்பாட்டு மேசை எதுவும் வேண்டாம். “பூட்டிவைத்தால் அவசரத்துக்கு ஆகாதே” என்று கேட்பீர்கள். கட்டிலோரம் திருகிப் பொருத்தும் சின்னப் பெட்டகங்கள் நாலு பொத்தானில் திறக்கின்றன. விளக்குப் போடாமல் விரலால் தடவியே அழுத்தலாம். வாரம் ஒருமுறை, தோட்டா இல்லாமல், இருட்டில் திறந்து பழகுங்கள். டெக்சாஸில் துப்பாக்கிப் பாதுகாப்புச் சாதனங்களுக்கு 2021 செப்டம்பர் முதல் விற்பனை வரிகூடக் கிடையாது. கேபிள் பூட்டை எத்தனையோ ஊர்களின் போலீஸ் நிலையங்களிலேயே இலவசமாகத் தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

பெட்டகம் வந்ததும் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். இரண்டு நாள் திட்டுவார்கள், தூக்கம் வராது என்பார்கள். சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள்: பார்த்தால் தொடாதே, அந்த இடத்தைவிட்டு நகர், பெரியவரைக் கூப்பிடு.

தமிழ்ப் பள்ளிகளையும் சங்கங்களையும் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பொங்கல் விழாவில் ரியல் எஸ்டேட்காரருக்கும் இன்ஷூரன்ஸ்காரருக்கும் மேசை போட்டுக் கொடுக்கிறீர்கள். அதே வரிசையில், லைசென்ஸ் வகுப்பு எடுக்கும் ஒரு பயிற்றுநருக்கும் ஒரு குழந்தை மருத்துவருக்கும் ஒரு மேசை கொடுங்கள். தமிழில் கேட்டால்தான் சிலர் கேட்பார்கள்.

பிள்ளையை விளையாட அனுப்புமுன், “உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா” என்று கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள். நிலக்கடலை ஒவ்வாமையைச் சொல்கிறோம், நாய் இருக்கிறதா என்று கேட்கிறோம். என்னிடம் முதலில் அப்படிக் கேட்டவர் என் மகளின் வகுப்புத் தோழியின் அம்மா. கேட்கும்போது அவருக்குக் குரல் தடுமாறியது. நான் அவரை மாடிக்கு அழைத்துப்போய்ப் பெட்டகத்தைக் காட்டினேன். அன்றிலிருந்து கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன்.

இந்த நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலு அழைப்பில், கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே, “வீட்டில் துப்பாக்கி உண்டு, பூட்டிய பெட்டகத்தில் இருக்கிறது” என்று ஒரு வரி எழுதப்போகிறேன். வைத்திருப்பவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

அன்புடன்,
வட டாலஸ் புறநகரிலிருந்து உங்கள் சகோதரி